கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டுக்குப் புதுசா? நோட்டீஸ் போர்டிலிருந்து ஆரம்பியுங்கள்

எம்.எஸ்சி. வேதியியலில் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் டைம்டேபிள், லேப் கோட், ரெக்கார்டு நோட்டு, எந்த சார் அட்டெண்டன்ஸில் கறார் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் துறையில் வகுப்புக்கு வெளியே என்ன நடக்கிறது, அதை எப்படித் தெரிந்துகொள்வது, போய் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து படித்தவன் நான், இப்போது அதே டெல்டாவில் ஒரு துறையில் பிஎச்டி ஸ்காலராக இருக்கிறேன். முதல் வருஷம் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, எங்கே படித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

முதல் வேலை: போர்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சிரிக்க வேண்டாம், இதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். துறை நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் கலர் பிரிண்டில் தொங்குவது பெரும்பாலும் ஏதோ ஒரு கல்லூரி நடத்தும் கருத்தரங்கின் அழைப்பிதழாக இருக்கும். உங்களுக்கு உண்மையிலேயே தேவையானது அதற்கு அடியில், கறுப்பு வெள்ளையில், சின்ன எழுத்தில், ஓரம் சுருண்டு கிடக்கும். முதல் வருஷம் நான் இழந்த சம்மர் ஃபெலோஷிப் அப்படித்தான் போனது. மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து வருஷாவருஷம் கொடுக்கும் அந்தத் திட்டத்தில், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஒரு நல்ல ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு, முதல் வருஷ எம்.எஸ்சி. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பரில் வரும். அந்த அறிவிப்பின் மேல் யாரோ விளையாட்டு விழா நோட்டீஸைக் குத்தி வைத்திருந்தார்கள். டிசம்பரில் அதைக் கழற்றியபோதுதான் அடியில் இருந்ததைப் பார்த்தேன்.

அதனால் வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் முன்னாலேயே வந்து போர்டை முழுசாகப் படியுங்கள். மேலே இருப்பதைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். வேண்டியதை போட்டோ எடுத்து, கடைசித் தேதியை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெறும் போட்டோ மட்டும் எடுத்தால் அது கல்யாண ரிசப்ஷன் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

போர்டில் வராத செய்தி

எல்லாச் செய்தியும் போர்டுக்கு வராது. துறை ஆபீஸில் இருக்கும் அக்காவுக்கு எந்த சர்குலர் வந்திருக்கிறது, எச்ஓடி (துறைத் தலைவர்) எதில் கையெழுத்துப் போட்டார் என்பது தெரியும். ஸ்டோர் அண்ணனுக்கு எந்தக் கருவி ரிப்பேரில் கிடக்கிறது, எந்தக் கரைப்பான் தீர்ந்துபோச்சு, எந்த லேபுக்குப் புது பிராஜெக்ட் பணம் வந்திருக்கிறது என்பதெல்லாம் பேராசிரியர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஸ்காலர்களுக்கு மிச்சம் எல்லாம் தெரியும். இவர்களிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசிப் பழகுங்கள். வேலை ஆகவேண்டிய நாளில் மட்டும் "அண்ணே" என்று போய் நின்றால் அவர்களுக்கும் புரியும்.

நாலு மணி டீக்கு ஸ்காலர்கள் கிளம்பும்போது கூடவே போங்கள். கைடு தேர்வு செய்வது, எந்த சாரிடம் ஒழுங்காக வேலை நடக்கும், யாரிடம் ஆறு மாதம் பாத்திரம் கழுவ விடுவார்கள் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். கேட்டதில் பாதியை நம்புங்கள், மீதியை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வருஷத்தை எப்படிப் பிரித்து வைப்பது

மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறுகளில் தண்ணி வரும் காலத்தையொட்டி உங்கள் அட்மிஷன் முடிந்து வகுப்பு சூடுபிடிக்கும். ஆகஸ்ட் 2 பிரபுல்ல சந்திர ராய் பிறந்த நாள், 1861இல் பிறந்தவர், பாதரச நைட்ரைட்டைத் தயாரித்தவர், பெங்கால் கெமிக்கல்ஸைத் தொடங்கியவர். அந்த நாளைப் பல துறைகளில் வேதியியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள், துறையின் மாணவர் அசோசியேஷன் தொடக்க விழாவையும் அதோடு சேர்த்து வைத்துவிடுவது உண்டு. செப்டம்பர் 26 சிஎஸ்ஐஆர் (அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சிக் குழு) நிறுவன நாள். அதையொட்டி அதன் ஆய்வகங்களை மாணவர்களுக்குத் திறந்து காட்டுவது வழக்கம். நமக்குப் பக்கத்தில் இருப்பது காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது. பேட்டரி, அரிமானம், மின்முலாம் பக்கம் ஆசை இருந்தால் போயே ஆக வேண்டும். திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாக ரயில் பாதையும் இருக்கிறது.

அக்டோபர் 23 மோல் தினம். அவகாட்ரோ எண் 6.02 × 10²³ என்பதற்காகக் காலை 6.02 மணிக்குத் தொடங்குவார்கள் என்பது வேடிக்கை, நம்ம ஊரில் யாரும் அந்த நேரத்துக்கு வரமாட்டார்கள், பதினோரு மணிக்கு வினாடி வினா வைப்பார்கள்.

அப்புறம் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எந்த அழைப்பிதழைப் படித்தாலும் 'மழை விடுமுறை விடாவிட்டால்' என்று மனசுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். கலெக்டர் காலை ஆறு மணிக்கு லீவு அறிவித்துவிடுவார், சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறி வந்த பேச்சாளர் கெஸ்ட் ஹவுஸில் தனியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அப்படி ஒரு நாள் நாங்கள் ஐந்து பேர் ஹாஸ்டலிலிருந்து போய் அவரோடு ஒன்றரை மணி நேரம் பேசினோம். இருநூறு பேர் இருக்கும் ஹாலில் அது கிடைத்திருக்காது.

பிப்ரவரியில் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு, அதே மாதம் 28 தேசிய அறிவியல் தினம். 1928இல் ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவித்த நாள் அது. ராமன் பிறந்தது நம்ம திருச்சியில்தான், 1888இல். மார்ச்சில் கருத்தரங்குகள் கொட்டும், நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டுமே. ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் தகுதி பார்க்கும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் என்ற கணக்கில். வேதியியல் தாளில் மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம், தப்புப் பதிலுக்குக் கால்வாசி கழித்துவிடுவார்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் என்று 2023இலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாம் வருஷம் படிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், முதல் செமஸ்டர் குவாண்டமும் குரூப் தியரியும் அப்படியே அதில் வரும்.

சிறப்புச் சொற்பொழிவில் உட்காரும் முறை

பாதிப் பேர் கடைசி வரிசைக்குப் போய் போனை எடுத்துவிடுவார்கள். நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். முதல் வரிசை பேராசிரியர்களுக்கு, இரண்டாவதில் உட்கார்ந்தால் அவர்கள் தலை மறைக்கும். முதல் நாள் ராத்திரியே பேச்சாளர் பெயரைத் தேடி, அவர் கடைசியாக என்ன வேலை செய்திருக்கிறார் என்று ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையாவது படித்துவிட்டுப் போங்கள். புரியாது, பரவாயில்லை. தெரியாத சொற்கள் நாலு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், பேச்சில் அவை வரும்போது காது தானாக நிமிரும்.

எந்தப் பேச்சாக இருந்தாலும் முதல் பத்து நிமிடத்தில்தான் 'இந்த வேலையை எதற்காகச் செய்தோம்' என்பது வரும். அதை மட்டும் தவறவிடாதீர்கள். நடுவில் தொலைந்துபோனால் தொலைந்துபோங்கள், நாங்களும் தொலைந்துபோகிறவர்கள்தான், தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறோம், அவ்வளவுதான்.

கேள்வி கேட்க ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்று பயப்படுகிறவர்கள் நம்ம பக்கம் நிறைய. தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கும் அது இருந்தது. ஒரு வழி சொல்கிறேன்: கேள்வியை ஒரே வரியில் முன்னாலேயே எழுதிவைத்து அப்படியே படியுங்கள். வேறு கரைப்பானில் செய்து பார்த்தீர்களா, இந்த வினையூக்கியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம், விளைச்சல் ஏன் அந்த ஒரு சேர்மத்துக்கு மட்டும் குறைந்தது, இந்த மூன்றில் ஒன்று எந்தக் கரிமப் பேச்சுக்கும் பொருந்தும், முட்டாள்தனமாகவும் இருக்காது. அதுவும் முடியவில்லை என்றால் டீ நேரத்தில் போய்த் தமிழிலேயே கேளுங்கள். வந்திருப்பவர் தமிழர் என்றால் சந்தோஷப்படுவார்.

பக்கத்துத் துறைப் பேச்சுக்கும் போங்கள். கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம், அங்கே 1952இல் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன், அவர் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில், பிறகு உயிரியலுக்குப் போய் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமில் வேலை செய்தார், 2009இல் நோபல் கிடைத்தது வேதியியலுக்கு.

பப்ளிக் வைவா: யாரும் போகாத, கண்டிப்பாகப் போக வேண்டிய இடம்

இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்காலர் பிஎச்டி முடிக்கும்போது நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், நோட்டீஸும் போடுவார்கள். முதல் வருஷ மாணவர்கள் அதை 'நமக்கில்லை' என்று தாண்டிப் போய்விடுகிறார்கள், சாப்பாடு உண்டு என்று தெரிந்தால் மட்டும் வருவார்கள். (சாப்பாடு உண்டு. குறைந்தபட்சம் கேசரியும் மிக்சரும்.)

நாலைந்து வருஷ வேலையை முக்கால் மணி நேரத்தில் ஒருவர் சொல்கிறார், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைக் குடைகிறார். எந்த இடத்தில் குடைகிறார் என்று கவனியுங்கள். என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) படத்தில் கணக்கில் வராத ஒரு சிகரம், பட்டியலில் விட்டுப்போன ஒரு உருகுநிலை, மூன்று முறை திரும்பச் செய்யாமல் ஒரே முறை செய்த சோதனை. நாளைக்கு உங்கள் பிராஜெக்ட் வைவாவிலும் கேள்வி அங்கேயிருந்துதான் வரும்.

இதை நான் கற்றது பட்ட பிறகு. எம்.எஸ்சி. பிராஜெக்டில் என் சேர்மத்தின் புரோட்டான் என்எம்ஆரைத் திரையில் போட்டு, 7.26இல் இருந்த ஒற்றைச் சிகரத்தைக் காட்டி, இது பென்சீன் வளையத்தின் புரோட்டான் என்று நம்பிக்கையோடு சொன்னேன். தேர்வாளர் ஒன்றும் பேசவில்லை. "தம்பி, எந்தக் கரைப்பானில் எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். டியூட்டரேட்டட் குளோரோஃபார்ம் என்று சொல்லி வாயை மூடும்போதே எனக்கு உறைத்துவிட்டது, அது குளோரோஃபார்மின் மிச்சம். 2.17இல் நின்றது டியூபைக் கழுவிய அசிட்டோன். இந்த இரண்டு எண்ணையும் இன்றைக்கே எழுதிவையுங்கள்.

கருத்தரங்கு, போஸ்டர், சான்றிதழ்

சான்றிதழ் சேர்க்கும் வியாதி நம்ம பக்கம் ஜாஸ்தி. ஒரு ஃபைல் நிறைய வைத்திருப்பார்கள், எந்தப் பேச்சில் என்ன கேட்டோம் என்றால் சொல்லத் தெரியாது. வருஷத்துக்கு இரண்டு போதும், ஆனால் அதில் ஒன்றில் நீங்கள் போஸ்டர் வைக்க வேண்டும். சொந்த ஆய்வு இல்லையே என்றால் ஸ்காலர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள், அவர் வேலையில் ஒரு சின்னத் துண்டை நீங்கள் செய்து பாருங்கள். போஸ்டரில் எழுத்தைக் குறையுங்கள், படத்தைப் பெரிதாக்குங்கள், நாலடி தள்ளி நின்று வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிளெக்ஸ் அடிக்கிற கடையில் கொடுத்தால் போதும், ஆனால் மாசிமகத்துக்கும் கல்யாண முகூர்த்தத்துக்கும் முந்தின நாள் கொடுக்காதீர்கள், உங்கள் போஸ்டர் கடைசியில்தான் வரும்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று சர்வதேசப் பெயரோடு வரும் மின்னஞ்சலை அப்படியே அழித்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பரிசோதனை முகாம்

துறை நடத்தும் நிகழ்ச்சிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என்எஸ்எஸ் முகாமோ அறிவியல் தினமோ, கிராமத்தில் போய்க் கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் சோதித்துச் சொல்வது. பெயர் கேட்டால் முதலில் கையைத் தூக்குங்கள்.

தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கச் சாமான் அதிகமில்லை: பியூரெட், ஸ்டாண்டு, பிப்பெட், கூம்புக் குடுவை, 0.01 மோலார் இடிடிஏ, அம்மோனியா பஃபர், எரியோகுரோம் பிளாக் டி இண்டிகேட்டர். 50 மில்லி தண்ணீரில் பஃபரை விட்டு ஒரு சிட்டிகை இண்டிகேட்டர் போட்டால் கோவைப்பழச் சிவப்பு வரும். இடிடிஏ சொட்டச் சொட்ட அது ஊதாவாகத் தடுமாறி, பிறகு சட்டென்று நீலமாகும். அந்தத் தடுமாறும் இடத்தில் சொட்டு சொட்டாக விட வேண்டும், பேசிக்கொண்டே விட்டால் தாண்டிப்போகும். 10 மில்லி இறங்கியிருந்தால் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், அதாவது இறங்கிய அளவை இருபதால் பெருக்கினால் போதும். இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கது என்று சொல்வது இந்த 200தான், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறார்கள். குளோரைடுக்கு இதே இரண்டு அளவும் 250, 1000.

கடலோரம் போகப் போக, வேதாரண்யம் பக்கமெல்லாம், குளோரைடு எண்தான் பேசும். அதை அளக்கும் சில்வர் நைட்ரேட்டைக் கையுறை போடாமல் தொட்டுவிட்டு, நாலு நாள் கறுத்த விரலோடு திரியாத ஆள் எங்கள் துறையில் கிடையாது. நீங்களாவது போட்டுக்கொள்ளுங்கள்.

முகாமில் ஒரு பாட்டி குடத்தோடு வந்து, ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமலே கேட்டார்: "இந்தத் தண்ணில பருப்பு வேகுமா வேகாதா, அதச் சொல்லு தம்பி." கடினத்தன்மை அறுநூறைத் தாண்டியிருந்தது. வேகாது பாட்டி என்றேன். "அது எனக்கே தெரியும், ஏன் வேகல?" என்றார். தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது, அதனால் மசியாது. இதை வகுப்பில் சொல்லத் தெரியும், அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது. போகிற முன் உங்கள் வீட்டில் அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கருவி அறை

சேர்மத்தை ஒளியால் ஆராயும் யுவி, எஃப்டிஐஆர் மாதிரியான கருவிகளுக்கு ஒரு பதிவு நோட்டு இருக்கும். பெயர், நேரம், மாதிரி என்ன என்று எழுதாமல் தொடக் கூடாது. துறையில் இல்லாத கருவிக்கு மாதிரியை வெளியே அனுப்பலாம், சென்னை ஐஐடியில் இருக்கும் பொதுக் கருவி மையத்துக்கு அனுப்புகிறவர்கள் அதிகம், முடிவு வர நாளாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஐஆர் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதிரியோடு கலந்து வில்லை அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு தண்ணீரை இழுக்கும், ஐப்பசிக் காற்றில் கேட்கவே வேண்டாம். அதை ஓவனில் காயவைத்து, சூடு ஆறும் வரை டெசிக்கேட்டரில் வைத்து, மாதிரி ஒரு பங்குக்கு அது நூறு பங்கு என்று அகேட் உரலில் சீக்கிரமாக அரைத்து அழுத்துங்கள். வில்லை கண்ணாடி மாதிரி வர வேண்டும், பால் மாதிரி வந்தால் திரும்பச் செய்யுங்கள். 3400 பக்கத்தில் அகலமாக ஒரு மேடு எழுந்தால் ஹைட்ராக்சில் கிடைத்துவிட்டது என்று கைடிடம் ஓடாதீர்கள், அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம், முதலில் ஜன்னல் திறந்திருந்ததா என்று பாருங்கள்.

இண்டஸ்ட்ரியல் விசிட்

பெயர் தொழிற்சாலை, ஊர் ஊட்டி என்பதுதான் வழக்கம். பக்கத்தில் டால்மியாபுரம் சிமென்ட், கரூர்ப் பக்கம் கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் ஆலை எல்லாம் இருக்கின்றன. எங்கே போனாலும் தரக்கட்டுப்பாட்டு லேபைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், வேலைக்குப் போனால் உங்களை உட்கார வைக்கப் போகும் அறை அது.

நிகழ்ச்சி அறிக்கை எழுதச் சொன்னால்

எப்படியும் ஒருநாள் இந்த வேலை உங்கள் தலையில் விழும். தட்டிக்கழிக்காதீர்கள், துறையில் உங்கள் பெயர் தெரிய இதைவிட நல்ல வழி இல்லை. பேச்சாளர் பெயரை அழைப்பிதழிலிருந்து எடுக்காதீர்கள், அதில் முதலெழுத்து தப்பாக இருந்த கதை எனக்குத் தெரியும், அவரிடமே ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். தலைப்பு, தேதி, நேரம், இடம், வந்தவர்கள் எண்ணிக்கை. எண்ணிக்கையை வருகைத் தாளில் எண்ணி எழுதுங்கள், ஹால் நிறைந்தது என்று எழுதினால் ஆபீஸ் அக்கா திருப்பிக் கொடுத்துவிடுவார். படங்கள் இடமும் நேரமும் பதிவாகும்படி ஜியோடேக் போட்டு எடுக்க வேண்டும், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது அதைத்தான் கேட்பார்கள். குத்துவிளக்கு ஏற்றும் படம் ஒன்று, மேடை ஒன்று, ஆள் உட்கார்ந்திருக்கும் ஹால் ஒன்று. ஹால் படத்தை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள், மூணரை மணி பஸ் இருக்கிறது என்று பாதிப் பேர் பின்கதவு வழியாகப் போய்விடுவார்கள்.